மூடிப்போன கம்பெனியின் சோலார் இன்வெர்ட்டருக்கு மாற்று: பாளையங்கோட்டையின் ஒரு சர்வீஸ் கடை

திருநெல்வேலிப் பக்கம் ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்கு முன்பு வீட்டு மாடியில் சோலார் போட்டவர்களில் பலர் இப்போது ஒரே சிக்கலில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். பேனல்கள் நன்றாக இருக்கின்றன, பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் நின்றுவிட்டது, அதைத் தயாரித்த கம்பெனி திவாலாகிவிட்டது. வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தால் மணிகூட அடிப்பதில்லை. அந்த நிலையில் பாளையங்கோட்டையில் உள்ள ஒரு சிறிய சோலார் சர்வீஸ் கடை எங்கள் வீட்டு இன்வெர்ட்டரை மாற்றித் தந்தது. புதுப் பெட்டியை விற்பதற்கு முன்பு மாடியில் இருப்பதை அளந்து பார்த்த ஒரே கடை அதுதான். அந்த ஒரு காரணத்துக்காகவே அதைப் பரிந்துரைக்கிறேன். குறைகளும் உண்டு, அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் வீடு பெருமாள்புரத்தில் இருக்கிறது. 2016இல் போட்ட 3 கிலோவாட் ஆன்-கிரிட் (மின்வாரிய இணைப்போடு சேர்ந்து ஓடும்) அமைப்பு. பேட்டரி கிடையாது, வாரியத்துக்குப் போவதையும் அங்கிருந்து வருவதையும் கணக்கிடும் நெட் மீட்டர் உண்டு. 250 வாட் பேனல்கள் 12. மாடியில் தெற்கு நோக்கி எட்டுப் பேனல்கள் ஒரு வரிசையாகவும், படிக்கட்டு அறையின் மேல் இடம் கிடைத்த அளவுக்கு மேற்கு நோக்கி நான்கு பேனல்கள் இன்னொரு வரிசையாகவும் இருக்கின்றன. இந்த எட்டும் நான்கும் என்ற பிரிவுதான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்வெர்ட்டருக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதம் இயல்பாகவே இருந்தது. தனியாகப் பணம் கட்டி அதைப் பத்து ஆண்டாக நீட்டித்திருந்தோம். பழுது ஏற்பட்டபோது உத்தரவாதக் காலம் முடியவில்லை. ஆனால் உத்தரவாதம் கொடுத்த கம்பெனி அதற்குள் நொடிப்பு நடவடிக்கைக்காகத் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டது. 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, நடவடிக்கை நடக்கும் காலத்தில் அந்தக் கம்பெனியின் மீது புதிதாக வழக்குப் போடவோ நடக்கும் வழக்கைத் தொடரவோ முடியாது. நுகர்வோர் ஆணையத்துக்கும் இது பொருந்தும். அந்த நடவடிக்கையைக் கவனிக்கும் தீர்வு அலுவலரிடம் உரிமைக்கோரிக்கை மனு கொடுக்கலாம். ஆனால் கம்பெனி கலைக்கப்பட்டால் 53ஆம் பிரிவு வகுத்திருக்கும் வரிசையில் நடவடிக்கைச் செலவு, தொழிலாளர் பாக்கி, அடமானக் கடன், ஊழியர் பாக்கி, அரசுப் பாக்கி எல்லாம் போன பிறகுதான் நம்மைப் போன்றோரின் முறை வரும். விற்றுப் பொருத்திக் கொடுத்தவர் மீது வழக்குப் போடுவதை இந்தத் தடை நிறுத்தாது; அதற்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். எங்களுக்குப் பொருத்திக் கொடுத்தவரும் தொழிலை விட்டுவிட்டார். மனுவைக் கொடுத்துவிட்டு, அந்தப் பணம் வரும் என்று காத்திராமல் மாற்று வேலையைத் தொடங்கிவிடுவதே சரி. 3 கிலோவாட் அமைப்பு நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 12 யூனிட் தரும். அது நின்றுபோனால், இரண்டு மாதக் கணக்கில் வீட்டின் பயன்பாடு எளிதாக 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டியவர்களுக்குக் கீழ் யூனிட் படிகளிலேயே (ஸ்லாப்) கட்டண விகிதம் கூடும். காத்திருப்பதன் விலை மின்கட்டண ரசீதிலேயே தெரியும்.

இது நம்மூருக்கு மட்டும் நேர்ந்த கதை அன்று. அமெரிக்காவின் சாட்கான் 2012இல் திவாலானது. பேனலுக்கு ஒன்றாகப் பொருத்தும் சிறிய இன்வெர்ட்டர்களைச் செய்த எனெக்சிஸ் 2015இல் மூடப்பட்டது. ஏபிபி போன்ற பெரிய நிறுவனமே 2020இல் தன் சோலார் இன்வெர்ட்டர் தொழிலை இத்தாலியின் ஃபிமருக்குக் கைமாற்றிவிட்டு விலகிக்கொண்டது; ஃபிமரும் பின்னர் கடன் சீரமைப்புக்காக நீதிமன்றத்தை நாட வேண்டி வந்தது. பேனலுக்கு 25 ஆண்டு, இன்வெர்ட்டருக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு என்று உத்தரவாதம் எழுதும்போதே, பேனலின் ஆயுளுக்குள் இன்வெர்ட்டரை ஒரு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும் என்று பொருள். நம் பக்கத்துக்கு இதில் முன்னனுபவமும் உண்டு. பணகுடி, முப்பந்தல், கயத்தாறு பக்கம் 1990களில் நட்ட 225, 250 கிலோவாட் காற்றாலைகளைச் செய்த கம்பெனிகளில் சில இன்று இல்லை. உள்ளூர்ப் பட்டறைக்காரர்களும் மெக்கானிக்குகளும் பார்த்துக்கொள்வதால்தான் அவற்றில் பல இன்னும் சுற்றுகின்றன. சோலாருக்கும் அப்படி ஒரு கைவினைக் கூட்டம் இந்த மாவட்டத்தில் உருவாக வேண்டும் என்பது என் ஆசை. இந்தக் கடை அதற்கு ஒரு தொடக்கம் என்று நினைக்கிறேன்.

இந்தக் கடைக்குப் போவதற்கு முன்பு வேறு சிலரிடமும் கேட்டோம். ஒருவர் பேனல் உட்பட எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னார். 2024இல் தொடங்கிய பிரதம மந்திரி சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும் என்பது அவருடைய வாதம். ஆனால் அந்த மானியம் புதிய அமைப்புகளுக்கானது. ஓடிக்கொண்டிருந்த அமைப்பின் இன்வெர்ட்டரை மட்டும் மாற்றுவதற்கு அது கிடைக்காது. நல்ல நிலையில் இருக்கும் பேனல்களைப் பாதி ஆயுளில் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இன்னொருவர் அதே கம்பெனியின் அதே மாடலைப் பழையதாக வாங்கித் தருவதாகச் சொன்னார். பொருத்துவதற்கு அது மிக எளிது, துளைகூட மாறாது. ஆனால் எந்த நாட்டின் மின்கட்டமைப்பு விதிகளுக்கு இன்வெர்ட்டர் கட்டுப்பட வேண்டும் என்ற அமைப்பு (செட்டிங்) அதற்குள் இருக்கும். சில மாடல்களில் குறிப்பிட்ட மணி நேரம் ஓடியபின் அது பூட்டிக்கொள்ளும். திறப்பதற்கான கடவுச்சொல்லைத் தயாரிப்பாளரிடம்தான் வாங்க வேண்டும். அந்தத் தயாரிப்பாளரே இல்லாதபோது, வேறு நாட்டு அமைப்பில் பூட்டப்பட்ட பெட்டி வந்து சேர்ந்தால் அது வெறும் இரும்புதான். மூன்றாவது விற்பனையாளர், 3 கிலோவாட் என்றால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஒன்றுதான், நாளையே மாட்டிவிடலாம் என்றார். இந்தப் பதில்தான் இருப்பதிலேயே ஆபத்தானது. ஏன் என்பதை நம் கடைக்காரர்தான் எங்களுக்குப் புரியவைத்தார்.

கடையிலிருந்து வந்த தொழில்நுட்பர் இளைஞர். நின்றுபோன இன்வெர்ட்டரைப் பார்த்ததும் விலைப்பட்டியலை எடுக்கவில்லை. "அண்ணாச்சி, கீழ இருக்க பெட்டி மட்டுந்தான் போச்சுன்னு நெனைக்காதிய. மேல என்ன இருக்குன்னு பாக்காம புதுசக் கொண்டாந்து மாட்டுனா, நாளைக்கு அது ஓடாது, நீங்க என்னத்தான் கேப்பிய" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினார். பேனலின் பின்புறம் ஒட்டியிருந்த சீட்டை முதலில் படித்து எழுதிக்கொண்டார்: சுமை இல்லாதபோது 37.5 வோல்ட், சுமையில் 30.5 வோல்ட், 8.2 ஆம்பியர். பிறகு பேனலின் வெப்பத்தைக் கணக்கில் எடுத்தார். சீட்டில் உள்ள எண்கள் 25 டிகிரிக்கு உரியவை. நம்மூர் மாடியில் காலை பத்து மணிக்கே பேனல் ஏறத்தாழ 55 டிகிரிக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் வோல்டேஜ் ஏறத்தாழ 0.3 சதவீதம் குறையும். ஆகவே எட்டுப் பேனல் வரிசையில் ஏறத்தாழ 272 வோல்ட் இருக்க வேண்டும் என்று தாளில் போட்டுவிட்டு மல்டிமீட்டரை வைத்தார். 258தான் காட்டியது.

இந்த 14 வோல்ட் வித்தியாசத்தை மற்ற யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். அவர் ஒவ்வொரு பேனலாகக் கழற்றி அளந்தார். ஏழு பேனல்கள் 34 வோல்ட்டை ஒட்டிக் காட்டின. ஒன்று மட்டும் 23 காட்டியது. மூன்றில் ஒரு பங்கு போயிருக்கிறது என்பதைப் பார்த்தவுடன் அவருக்குக் காரணம் தெரிந்துவிட்டது. 60 செல் உள்ள பேனலில் 20 செல்லுக்கு ஒன்றாக மூன்று டையோடுகள் இருக்கும். நிழல் விழும்போது அந்தப் பகுதியைத் தாண்டி மின்னோட்டத்தைக் கொண்டுபோவது அவற்றின் வேலை. ஒரு டையோடு ஷார்ட் ஆகிவிட்டால் அந்த 20 செல்லும் இருந்தும் இல்லாதது போலத்தான். பேனலின் பின்னால் இருந்த சிறிய கறுப்புப் பெட்டியின் மூடியை நெம்பித் திறந்தார். உள்ளே நடு டையோடின் மேல்பகுதி வெந்து பழுப்பாகி, அதை ஒட்டிய பிளாஸ்டிக் கொப்புளம் விட்டிருந்தது. அதே அளவுள்ள டையோடைப் பற்றவைத்து, மூடியின் ரப்பர் வளையத்தையும் மாற்றி மூடினார். அந்தப் பேனல் 34 வோல்ட்டுக்குத் திரும்பியது. எத்தனை காலமாக அந்த மூன்றில் ஒரு பங்கை இழந்துகொண்டிருந்தோம் என்பதைப் பழைய இன்வெர்ட்டர் ஒருபோதும் சொல்லவில்லை.

அடுத்தது நான்கு பேனல் வரிசை. இங்கேதான் "எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஒன்றுதான்" என்ற பேச்சு உடைகிறது. மத்தியான வெயிலில் பேனல் 65 டிகிரிக்குப் போகும்போது, நான்கு பேனல்கள் சேர்ந்து வேலை செய்யும் வோல்டேஜ் 100க்குச் சற்று மேலேதான் இருக்கும். சுமையே இல்லாவிட்டாலும் 132ஐ ஒட்டித்தான் இருக்கும். அந்த விற்பனையாளர் சொன்ன மாடலின் விவரத்தாளைப் பார்த்தோம். அது ஓடத் தொடங்கவே 150 வோல்ட் வேண்டும். அதாவது அந்த நான்கு பேனல்களும் மாடியில் அழகாக உட்கார்ந்திருக்கும், ஒரு யூனிட்கூடத் தராது. எட்டுப் பேனல் வரிசை ஓடுவதால் இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரியும். மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போய்விட்டது என்பது யாருக்கும் தெரியாது.

பன்னிரண்டையும் ஒரே வரிசையாகச் சேர்த்துவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். தொடராக இணைத்த பேனல்களில் எல்லாவற்றின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் போகும். காலையில் மேற்கு நோக்கிய நான்கும் மெதுவாக இருக்கும்போது தெற்கு நோக்கிய எட்டையும் அவை இழுத்துப் பிடிக்கும், மாலையில் நேர்மாறாக நடக்கும் என்று அவர் விளக்கினார். ஆகவே இரண்டு தனித்தனி எம்பிபிடி (ஒரு வரிசையிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும் பகுதி) உள்ள இன்வெர்ட்டர்தான் வேண்டும்; அதில் தொடக்க வோல்டேஜ் 60, வேலை வோல்டேஜின் கீழ் எல்லை 50 என்று உள்ள ஒரு மாடலை அவர் தேர்ந்தெடுத்தார். மேல் எல்லையைப் பற்றி நமக்குக் கவலை குறைவு. குளிர் மிகுந்த ஊர்களில் காலைக் குளிரில் வோல்டேஜ் ஏறி இன்வெர்ட்டரைச் சுட்டுவிடும் என்று எல்லா வழிகாட்டிகளும் எச்சரிக்கும். நம்மூரில் மார்கழி விடியலிலும் 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது. எட்டுப் பேனலுக்கு அப்போது 305 வோல்ட்தான் வரும். இன்வெர்ட்டர் தாங்குவதோ 550. நெல்லைக்காரர் பார்க்க வேண்டியது வெயிலால் தாழும் கீழ் எல்லையை. இதை எந்தக் கடையும் விளம்பரத்தில் எழுதுவதில்லை.

மூன்றாவது சோதனை, கேபிளின் காப்பு எவ்வளவு உறுதி என்று அளக்கும் மெக்கர். பழைய இன்வெர்ட்டர் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கனமான வகை; பேனல் கேபிளிலிருந்து பூமிக்குச் சிறிது கசிந்தாலும் அது பொறுத்துக்கொண்டு ஓடியது. இப்போது வருபவை டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதவை. ஒவ்வொரு நாள் காலையிலும் கேபிளின் காப்பைத் தாமே சோதித்து, குறைவாக இருந்தால் ஓட மறுத்துவிடும். புதியது மாட்டிய மறுவாரமே "ஐசொலேஷன் ஃபால்ட்" என்று காட்டுகிறது, இன்வெர்ட்டர் மோசம் என்று பலர் குறைப்படுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இன்வெர்ட்டரின் மேல் பிழை இல்லை. அது உண்மையைச் சொல்கிறது. தொழில்நுட்பர் மாடிக் குழாயில் ஓஸைப் பொருத்திப் பேனல்களையும் கேபிளையும் நன்றாக நனைத்துவிட்டு மெக்கரை வைத்தார். எட்டுப் பேனல் வரிசை 20 மெகா ஓமுக்கு மேல் காட்டியது. நான்கு பேனல் வரிசை 0.3 காட்டியது, குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும். கேபிளை விரலால் தடவிக்கொண்டே போனவர், படிக்கட்டு அறையின் விளிம்பில் ஜிஐ கிளாம்புக்குக் கீழே நின்றார். காற்றில் ஆடி ஆடிக் கிளாம்பின் கூர்விளிம்பு கேபிளின் தோலை அரைத்து, உள்ளே செம்பு பச்சை பூத்துத் தெரிந்தது. ஆனி, ஆடியில் அடிக்கும் நம்மூர்க் காற்றை எண்ணினால் இதில் வியப்பில்லை. அந்தத் துண்டை ஒட்டுப் போடாமல், முழு நீளக் கேபிளையும் மாற்றி, குழாய்க்குள் விட்டு, கிளாம்புக்கு ரப்பர் வைத்தார். வெயில் காலத்தில் காய்ந்த கேபிளில் மெக்கர் வைத்திருந்தால் இது அகப்பட்டிருக்காது. ஐப்பசி மழையில்தான் வெளிவந்திருக்கும்.

பொருத்திய நாளின் ஒழுங்கும் குறிப்பிடத் தக்கது. முதலில் ஏசி (வீட்டு மாறுதிசை மின்சாரம்) பக்கத்து எம்சிபி சுவிட்சை அணைத்தார், பிறகு டிசி (பேனலிலிருந்து வரும் நேர்திசை மின்சாரம்) பக்கத்து ஐசொலேட்டர் சுவிட்சை அணைத்தார், உள்ளே உள்ள கெப்பாசிட்டர்கள் வடிவதற்கு ஐந்து நிமிடம் விட்டார், அதன் பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கனெக்டரைத் தொட்டார். சுமையில் இருக்கும் டிசி கனெக்டரை உருவினால் தீப்பொறி ஏசியைப் போல அணையாது, நீண்டு எரியும். தெரியாதவர் கையில் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. வெயிலில் நொறுங்கத் தொடங்கியிருந்த பழைய கனெக்டர்களை எல்லாம் மாற்றினார். ஆண், பெண் இரு பக்கமும் ஒரே கம்பெனிதான். வேறு வேறு கம்பெனிக் கனெக்டர்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தாலும் தொடர்பு சரியாக அமையாமல் சூடேறும் என்று காரணமும் சொன்னார்.

இடத்தையும் மாற்றினோம். பழையது மேற்குச் சுவரில் மாலை வெயிலைக் குடித்துக்கொண்டிருந்தது. பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் 45 டிகிரிக்கு மேல் தம் உற்பத்தியைத் தாமே குறைத்துக்கொள்ளும். உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களின் ஆயுளும் சூட்டில்தான் தேய்கிறது. இப்போது வடக்குச் சுவரில், சன்ஷேடுக்கு அடியில், நாலாபுறமும் காற்றோட்டத்துக்கு இடம் விட்டு, ஆள் மார்பு உயரத்தில் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் சந்திப்பு, சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டைப் பக்கம் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு உயரத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஆற்றை ஒட்டிய தெருக்காரர்கள் மாடிப்படி முகப்பிலேயே பொருத்தச் சொல்வது நல்லது.

பழைய பெட்டியைப் பழுது பார்த்திருக்க முடியாதா என்ற கேள்வி எனக்கு இருந்தது. கடையில் அதைத் திறந்து காட்டினார்கள். கெப்பாசிட்டரும் ரிலேயும் மட்டும் போயிருந்தால் மாற்றித் தந்திருப்பார்கள். அப்படிச் சரிசெய்த பெட்டிகள் அவர்கள் மேசையில் இருந்தன. எங்களுடையதில் கட்டுப்பாட்டுப் பலகையே கருகியிருந்தது. அதற்கான மென்பொருள் கம்பெனியோடு போய்விட்டது. அந்தப் பெட்டியை அங்கேயே விட்டுவந்தோம். அதன் டிஸ்ப்ளேயும் விசிறியும் அதே மாடல் வைத்திருக்கும் இன்னொரு வீட்டுக்கு உதவும் என்றார்கள். உதிரிபாகம் எங்கும் கிடைக்காத நிலையில் இப்படிச் சேர்த்துவைப்பது பெரிய காரியம். இதே நிலையில் உள்ளவர்கள் பழைய பெட்டியை எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

மின்வாரியத்துக்குத் தெரிவிக்கும் வேலையையும் கடை பார்த்துக்கொண்டது. நெட் மீட்டர் ஆவணங்களில் இன்வெர்ட்டரின் மாடலும் வரிசை எண்ணும் பதிவாகியிருக்கும். சொல்லாமல் மாற்றினால் பின்னால் சிக்கல். மின்தடையின்போது இன்வெர்ட்டர் தானாக நின்று, கம்பத்தில் ஏறும் ஊழியருக்கு ஆபத்து நேராமல் காக்கிறது என்பதற்கான ஐஎஸ் 16169 சான்று, பாதுகாப்புக்கான ஐஎஸ் 16221 சான்று, பிஐஎஸ் பதிவு எண் ஆகியவற்றின் நகல்களைப் பிரிவு அலுவலகத்தில் கொடுத்தார்கள். மூடிப்போன கம்பெனிகளின் தேங்கிய சரக்கு மலிவாகச் சந்தையில் வருகிறது. அப்படி ஒன்றை வாங்கினால் இந்தக் காகிதங்களும் கிடைப்பது கடினம், உத்தரவாதமும் கிடையாது. கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் பேனல் செய்யத் தொடங்கிவிட்டது. நம் மாவட்டத்துக்கு அது பெருமைதான். இன்வெர்ட்டரையும் அப்படிப் பக்கத்திலேயே செய்து, பக்கத்திலேயே பழுது பார்க்கும் காலம் விரைவில் வர வேண்டும்.

இனிக் குறைகள். முதலாவது, இவ்வளவு கவனமாக எடுத்த அளவீடுகளை அவர்கள் எழுதிக் கொடுப்பதில்லை. தொழில்நுட்பரின் சிறிய நோட்டில் எல்லாம் இருக்கிறது; நான் கேட்டு என் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். இது ஓர் அச்சிட்ட தாளில், தேதியும் வெப்பநிலையும் குறித்து, ரசீதோடு சேர்ந்து வர வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து இன்னொரு பழுது வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. இரண்டாவது, கேபிளும் கனெக்டரும் டையோடும் முதலில் சொன்ன தொகையில் இல்லை. அளந்த பிறகுதான் தெரியும் என்பது நியாயம். ஆனால் இன்னின்ன கூடுதலாகலாம், இவ்வளவுக்குள் இருக்கும் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்கலாம். மூன்றாவது, வேலை முடிந்த பிறகு தொலைபேசியில் பிடிப்பது கடினம். இரண்டு மூன்று பேர் மட்டுமே உள்ள கடை. தென்காசி, வள்ளியூர் வரை போகிறார்கள். மாலை ஏழு மணிக்குப் பிறகுதான் அழைப்பை எடுக்கிறார்கள்.

நான்காவது குறை சற்று ஆழமானது. பழைய கம்பெனி மூடப்பட்டபோது இன்வெர்ட்டர் நிற்பதற்கு முன்பே நின்றது அதன் செயலிதான். சர்வர் போனது, அதோடு ஆண்டுக்கணக்கான உற்பத்திக் கணக்கும் போனது. புதிய இன்வெர்ட்டரின் கணக்கும் அந்தக் கம்பெனியின் சர்வரில்தான் சேர்கிறது. அதனால் சர்வரை நம்பாமல் நேரடியாகக் கணக்கெடுக்கும் வசதி வேண்டும் என்று கேட்டேன். பெட்டியில் கம்பி வழியாக நேரடியாகத் தரவைப் படிக்க உதவும் ஆர்எஸ்485 முனையும் மாட்பஸ் வசதியும் இருப்பதைக் காட்டினார்கள். ஆனால் அதைப் பயன்படுத்தத் தேவையான, எந்தத் தரவு எந்த எண்ணில் இருக்கிறது என்று சொல்லும் முகவரிப் பட்டியலை வாங்கித் தரவோ இணைத்துக் காட்டவோ அவர்களால் முடியவில்லை. ஒரு கம்பெனி மூடிப்போனதால் பாதிக்கப்பட்டவர்களுக்கே வேலை செய்யும் கடை, அடுத்த கம்பெனியும் மூடிப்போனால் என்ன என்ற கேள்விக்கு இன்னும் நல்ல பதிலை வைத்திருக்க வேண்டும். இப்போதைக்கு மாதத்தின் கடைசி நாளில் டிஸ்ப்ளேயில் உள்ள மொத்த யூனிட்டை ஒரு நோட்டில் குறித்துவைக்கிறோம். டிஸ்ப்ளே உள்ள மாடலையே கேட்டு வாங்கியதும் இதற்காகத்தான். விளக்கு மட்டும் உள்ள மாடல்கள் சற்று மலிவு, ஆனால் செயலி இல்லாவிட்டால் அவை ஊமை.

செலவைப் பொறுத்தவரை, இன்வெர்ட்டருக்கு வரி சேர்த்து 31,000 ரூபாய் ஆனது. கேபிள், கனெக்டர், டையோடு, சர்ஜ் பாதுகாப்பு, கூலி எல்லாம் சேர்த்து 8,500. "நாளையே மாட்டிவிடலாம்" என்றவர் சொன்னதைவிட இது கூடுதல்தான். ஆனால் அவருடைய பெட்டியில் நான்கு பேனல்கள் என்றென்றைக்கும் தூங்கியிருக்கும். மழையில் மீதி எட்டுப் பேனல்களாவது ஓடியிருக்குமா என்பதும் ஐயமே. கடை தன் வேலைக்கு ஓராண்டு பொறுப்பு என்று ரசீதிலேயே எழுதித் தருகிறது. தயாரிப்பாளரின் உத்தரவாதம் எட்டு ஆண்டு. அதைவிட, அந்தக் கம்பெனிக்கு மதுரையில் சர்வீஸ் மையம் இருக்கிறதா, மாற்றுப் பெட்டி கையிருப்பில் இருக்கிறதா என்று எங்கள் முன்னிலையிலேயே அழைத்துக் கேட்டுச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

மாற்றிய பிறகு வடகிழக்குப் பருவமழை முழுதும் போய்விட்டது. ஒரு நாள்கூடக் காப்புப் பிழை காட்டவில்லை. வெயில் நாள்களில் 12 யூனிட்டுக்குக் குறையாமல் வருகிறது. மாலை நாலு மணிக்கு மேலும் மேற்கு வரிசை தன் பங்கைத் தந்துகொண்டிருக்கிறது.

ஒற்றை முனை இணைப்புள்ள வீடுகளுக்கு இந்தக் கடை நன்கு பொருந்தும். மும்முனை இணைப்புள்ள அரிசி ஆலை, கல்யாண மண்டபம் போன்ற இடங்களுக்கு ஆள் பலமும் பெரிய கருவிகளும் உள்ளவர்களையே அணுகலாம். கடைக்காரரும் அதையே சொல்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் மழைப் பழுதுகளுக்காக எல்லாரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் அவர்களைப் பிடிப்பது அரிது. இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது என்று தெரிந்தால் ஆவணி, புரட்டாசிக்குள் அழைத்து அளக்கச் சொல்லிவிடுங்கள். போகும்போது பேனலின் பின்புறச் சீட்டைத் தெளிவாகப் படம் எடுத்துக்கொண்டு போனால் பாதிக் கணக்கைக் கடையிலேயே போட்டுவிடுவார்கள்.